பல்செட்டக்கா முகத்தில் குத்திய கதை

கராத்தே வகுப்பில் எல்லோரும் அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் அது பல்செட்டக்கா ஆகிவிடும். அவளுக்கும் இது தெரியும். தெரிந்தும் கோபித்துக்கொண்டதில்லை. நாற்பத்தேழு வயதில் முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு, தன் மகள் வயசுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று கத்துகிற பெண்மணிக்குச் சனங்கள் இதைவிட மோசமாகப் பட்டப்பெயர் வைத்திருக்கலாம். பல்செட் என்பது குறைந்தபட்சம் உண்மை. அவள் பிழைப்பே அதுதான்.

ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வேலை. முன்னறையில் குளிர்சாதனம், மீன்தொட்டி, குடும்பத்தோடு பல்லைக் காட்டும் யாரோ ஒரு வெள்ளைச் சட்டைக்காரரின் படம், டாக்டர். பின்னறையில் அவள். அங்கே இருந்த ஒரே ஜன்னலும் பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை செய்து, மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, சக்கரத்தில் மெருகேற்றிக் கொடுப்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஊரில் பாதிப் பேர் அவள் கைப்பல்லால்தான் மென்றுகொண்டிருந்தார்கள். நன்றி மட்டும் முன்னறையோடு நின்றுவிடும். பல்செட்டைத் தலைகீழாகக் கொடுத்தால் டாக்டருக்குத் தெரியுமா என்று அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஒருநாள் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு.

கராத்தேக்கு அவள் வந்ததே விபத்து. மகளைச் சேர்க்கத்தான் வந்தாள். மரச்சாமான் பட்டறைக்கு மேலே ஒரு மாடி, தரையில் நீல மெத்தை விரிப்பு, கீழேயிருந்து ஏறி வரும் வார்னிஷ் வாடை, ஓரத்தில் பெற்றோருக்கு ஒரு பெஞ்சு. மூன்றாம் வாரம் மகள், சட்டைக் காலர் கழுத்தை அறுக்கிறது என்று நின்றுவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த தாய்க்குத்தான் பைத்தியம் பிடித்தது. நாள் முழுக்கக் குனிந்தே வேலை பார்க்கிற முதுகு. நிமிர்ந்து நின்று காலை வீசுகிற மனுஷர்களைப் பார்த்ததும் அதற்கு வந்த பொறாமை சொல்லி மாளாது. மறுநாள் அவளே வந்து வரிசையில் நின்றாள். ஏழு வருஷம் ஆகிவிட்டது. இப்போது இடுப்பில் பிரவுன் பெல்ட்.

“பிளாக் பெல்ட்தானே வேணும்? என் பேன்ட்ல ஒண்ணு தொங்குது, எடுத்துக்கோ,” என்பார் கணவர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நாள் பூராவும் மேலேயும் கீழேயும் போய் வருகிறவருக்கு வேறு நகைச்சுவை வாய்க்கவில்லை. இதையே நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அவளுக்கு அது வேண்டும். ஏன் என்று கேட்டால் பெரிய காரணமெல்லாம் இல்லை. வாழ்க்கையில் அவள் முடித்துக் கொடுத்ததெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் போய்விட்டது. தனக்கென்று ஒன்றைக் கடைசி வரை போய் முடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். இரண்டு தடவை டெஸ்டுக்குப் போனாள். இரண்டு தடவையும் தோற்றாள். இரண்டு தாளிலும் ஒரே வரி எழுதியிருந்தார்கள்: முகத்தைத் தாக்கவில்லை.

விஷயம் இதுதான். மாடிச் சுவரில் ஒரு ஆளின் படம் மாட்டியிருக்கும். உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. நெற்றிப்பொட்டு, மூக்குத்தண்டு, மேலுதட்டுக்கு மேலே, மோவாய். அப்புறம் நெஞ்சுக்குழி, விலா. அப்புறம் தொடை, முழங்கால், கணுக்கால். எங்கே குறி வைப்பது என்பதற்கு மாஸ்டரின் பாடம் அந்தப் படம். பிளாக் பெல்ட் வேண்டுமென்றால் சண்டையில் மூன்று இடத்திலும் புள்ளி எடுக்க வேண்டும்: தலை, உடம்பு, கால். முகத்தில் குத்து தோலைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும், அது விதி. பல்செட்டக்கா முதல் நாளே படத்தின் முன்னால் போய் நின்று உற்றுப் பார்த்தாள்.

“மாஸ்டர், இந்த ஆளுக்குக் கீழ்த்தாடை இப்படி இருந்தா ஒரு பிஸ்கட்கூடக் கடிக்க முடியாது.”

“அவன் சாப்பிட வரலக்கா. அடி வாங்க வந்திருக்கான்.”

மாஸ்டர் பகலில் மெத்தைக் கடையில் விற்பனையாளர். பகல் முழுக்க ஆட்களை மெதுவாகப் படுக்கவைத்துக் காட்டுவார், சாயந்தரம் தூக்கிப் போட்டுப் படுக்கவைப்பார். நல்ல மனிதர். அவளைவிட ஐந்து வயது இளையவர்.

கழுத்துக்குக் கீழே இருந்த புள்ளி எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. விலாவில் விட்டாளென்றால் பெரிய ஆண்பிள்ளைகூட ‘ஹக்’ என்று மடங்குவான். கழுத்துக்கு மேலே போனதும் கை வராது. பாதி தூரம் போய் நின்றுவிடும், இல்லை காற்றில் எங்கேயோ போகும். இது வகுப்பு முழுக்கத் தெரிந்த கதையாகிவிட்டதால் அவளோடு மோதுகிறவர்கள் இரண்டு கையையும் வயிற்றுக்குக் கொடுத்துவிட்டு முகத்தைத் திறந்து போட்டுவிடுவார்கள். வகுப்புக்கு வருகிற மருந்துக்கடைக்காரர் ஒருவர் ஒருபடி மேலே போய், சண்டைக்கு நடுவில் நிதானமாகக் கொட்டாவி விட்டார். அவள் குத்தவில்லை.

“வலது பக்கம் கடைசிக் கடவாய்ல சொத்தை இருக்கு. சீக்கிரம் போய்க் காட்டுங்க,” என்றாள்.

அந்த ரவுண்டிலும் தோற்றாள். அவர் போய்க் காட்டினார், சொத்தை இருந்தது.

“முகத்துல குத்துங்கன்னா உடைங்கன்னு அர்த்தம் இல்லக்கா. தொட்டா போதும்,” என்று மாஸ்டர் நூறு தடவை சொல்லியிருப்பார்.

“தெரியும் மாஸ்டர். தொடுறதுக்கும் உடையுறதுக்கும் நடுவுல எவ்வளவு இருக்குன்னும் எனக்குத் தெரியும். ஒரு நூல்.”

ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. மற்றதை அவள் மாஸ்டரிடம் சொல்லவில்லை. கிளினிக்குக்கு ஒருத்தி மூன்று வருஷத்தில் மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் படியில் விழுந்துவிட்டேன் என்றாள். முதலில் மேலே முன்பல் இரண்டு, அடுத்து அதன் பக்கத்துப் பல், பிறகு கீழ்வரிசை. படியில் விழுந்த தாடைகளைப் பல்செட்டக்கா நிறையப் பார்த்திருக்கிறாள். மோவாய் அடிபட்டிருக்கும், கடவாய் பிளந்திருக்கும். இது நேர் முன்னாலிருந்து, சற்றே இடது பக்கமாக, வலது கைக்காரன் குத்தினால் விழுகிற இடத்தில் விழுந்திருந்தது. படிக்கட்டுக்கு வலது கை கிடையாது. டாக்டரிடம் சொன்னாள். நமக்கு வேலை பல்லோடு என்றார் அவர். நாலாம் தடவை அந்தப் பெண் வரவில்லை. தப்பித்துப் போனாளா, வேறு கிளினிக்குக்குப் போகிறாளா, தெரியாது. அவளுக்குச் செய்த பிளாஸ்டர் தாடைகளைப் பல்செட்டக்கா இன்னும் தூக்கிப் போடவில்லை. ஒரு முகத்துக்கு நேராக முஷ்டியை நீட்டும்போதெல்லாம் அவளை அடித்தவன் கைதான் தன் தோளில் முளைத்திருக்கிறது என்று அவளுக்கு அருவருப்பாக இருக்கும். அந்த அருவருப்போடு எப்படிக் குத்துவது?

மூன்றாவது டெஸ்டுக்கு இரண்டு மாதம் இருந்தது. அதிலும் தவறினால் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது கராத்தே சங்கத்தின் விதி. அவள் முழங்காலைப் பார்த்த எலும்பு டாக்டரோ, இந்த வருஷத்தோடு குதிக்கிற வேலையெல்லாம் நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார். ஆக இதுதான் கடைசி. அவள் ஒரு வாரம் யோசித்தாள். அப்புறம், தன் புத்திக்கு எட்டிய ஒரே வழியில் இறங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு மாடிக்கு வந்து, வகுப்பில் இருந்த பதினோரு வாய்க்கும் அளவெடுத்தாள். சண்டையில் பல்லுக்கு மேல் மாட்டும் ரப்பர் உறையை மவுத்கார்டு என்பார்கள். அதுவரை எல்லோரும் கடையில் விற்கிற பொதுச் சைஸ் உருப்படியைத்தான் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் இரண்டு தடவை ஓங்கரித்தார். மாஸ்டர் வாயில் அளவெடுக்கும் கரண்டியோடு ஏதோ தத்துவம் பேச முயன்றார். யாருக்கும் புரியாததால் அன்றைக்கு வகுப்பு சீக்கிரம் முடிந்தது. பத்து நாளில் பதினோரு மவுத்கார்டும் தயார். ஈறோடு ஒட்டி, பல்லோடு பல்லாக, பேசினால்கூட நழுவாது.

முதல் பலன் உடனே தெரிந்தது. பல் பத்திரம் என்று ஆனதும் வகுப்பில் அத்தனை பேருக்கும் வீரம் பிறந்துவிட்டது. அதுவரை தயங்கித் தயங்கி முகத்தைத் தொட்டவர்களெல்லாம் பாய்ந்து பாய்ந்து குத்தினார்கள். பெரும்பாலும் அவள் முகத்தில். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. ஒரு வாரம் மூக்கு பழுத்துக் கிடந்தது.

“மூக்குக்கும் ஒண்ணு செஞ்சு மாட்டிக்கோயேன்,” என்றார் கணவர். நாலு வருஷத்தில் புதிதாக ஒன்று சொன்னாரே என்று அவளே சிரித்துவிட்டாள்.

ஆனால் இரண்டாவது பலனும் வந்தது. மருந்துக்கடைக்காரர் பழைய ஞாபகத்தில் வயிற்றை மட்டும் பொத்திக்கொண்டு நின்றபோது, அவள் கை போய் அவர் மேலுதட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. உள்ளே தான் செய்த ரப்பர் இருக்கிறது, அதற்குள் பல் அசையாமல் இருக்கிறது என்று கைக்கே தெரிந்திருந்தது. மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள். மாஸ்டர் மன்னிப்புக்கு மூன்று முறை திட்டினார். ஒரு மாதத்தில் பதினோரு முகத்தையும் தொட்டுவிட்டாள்.

அப்புறம்தான், அவள் மறந்தே போயிருந்த அடுத்த இடி விழுந்தது. டெஸ்டில் வெளியூர் வகுப்பிலிருந்து யாராவதுதான் எதிரே நிற்பார்கள்.

“யாருன்னு சொன்னீங்கன்னா நான் போய் அளவெடுத்துட்டு வந்துடுறேன், மாஸ்டர்.”

“அக்கா, அடிக்கப் போற ஆளுக்கு முன்கூட்டியே அளவெடுக்குறது சவப்பெட்டிக்காரன் வேலை. பேசாம வாங்க.”

டெஸ்ட் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று நடுவர்கள். தலைமை நடுவர் பெரிய மீசைக்காரர். காலையிலிருந்தே ஒரு கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு, உலகத்தின்மேல் கோபமாக உட்கார்ந்திருந்தார். பல்செட்டக்காவுக்கு எதிரே வந்து நின்றவள் ஒரு சரக்கு லாரி ஓட்டுகிறவள். முப்பது வயசு, அகலமான தோள், ஏற்கெனவே பிளாக் பெல்ட். குனிந்து வணக்கம் சொன்னபோதே, “பார்த்து அடிங்கக்கா, நாளைக்கு லோடு இருக்கு,” என்று சிரித்தாள்.

இரண்டு நிமிஷச் சண்டை. அரை நிமிஷத்துக்குள் பல்செட்டக்கா விலாவில் ஒன்று வைத்தாள். புள்ளிக்குக் கொடி எழுந்தது. அப்புறம் முன்காலைத் தட்டிவிட்டு ஒன்று. அதற்கும் எழுந்தது. பாக்கி இருந்தது முகம்.

அப்போதுதான் அவள் கண்டாள். லாரிக்காரி மூச்சுக்கு வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் மவுத்கார்டு இடது பக்கம் தொங்கியது. நாக்கால் தள்ளி மேலே ஏற்றினாள், மறுபடி தொங்கியது. கடையில் வாங்கிய உருப்படி. வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்து, பல்லுக்கு ஏற்ற மாதிரி பதிய வைக்க வேண்டும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். இவள் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்படியே மாட்டிக்கொண்டிருக்கிறாள். அது மட்டுமா? அவள் இடது கையும் களைப்பில் கீழே இறங்கியிருந்தது. வலது கை மட்டும் வலது கன்னத்தோடு சுவராக நின்றது. ஆக, திறந்திருந்தது இடது பக்கம். உறை தொங்குவதும் இடது பக்கம். அந்தப் பக்கத்துக் கோரைப்பல் வெறும் பல்லாக, எந்தத் துணையும் இல்லாமல் இருந்தது. வலது கைக்காரன் குத்தினால் விழுகிற அதே இடம்.

“இடது பக்கம் திறந்திருக்குக்கா,” என்று ஓரத்திலிருந்து மாஸ்டர் கத்தினார். “அடிங்க.”

நாற்பது நொடி பாக்கி. ஒரு தொடல் போதும், ஏழு வருஷம் முடிந்தது. அவளுக்கு பெல்ட் வேண்டும். கையைத் தூக்கினாள். குத்துவதற்கு இல்லை. பள்ளிப்பிள்ளை தண்ணீர் குடிக்க அனுமதி கேட்பதைப்போலத் தூக்கினாள்.

“ஐயா, ஒரு நிமிஷம்.”

மீசைக்காரர் நிறுத்தினார். “என்னம்மா, காயமா?”

“எனக்கில்லைங்க. இவங்க மவுத்கார்டு சரியில்ல. சரி பண்ணிட்டு அடிக்கிறேன்.”

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு மெத்தை விரிப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“அதுக்கெல்லாம் விதியில இடம் இல்ல,” என்றார் மீசைக்காரர்.

“கூடாதுன்னு போட்டிருக்குங்களா?”

அவர் புத்தகத்தைப் புரட்டினார். எதிராளியைக் கடிக்கக் கூடாது என்று இருந்தது. முடியைப் பிடிக்கக் கூடாது, வாய்க்கு வந்தபடி திட்டக் கூடாது என்றும் இருந்தது. எதிராளியின் மவுத்கார்டைப் பழுது பார்க்கக் கூடாது என்று எழுதுவதற்கு எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றியிருக்கவில்லை.

“அந்த ஃபிளாஸ்க்ல என்னங்க, வெந்நீரா?” என்று கேட்டாள் அவள்.

வெந்நீர்தான். பல்வலிக்கு உப்புப் போட்டுக் கொப்பளிக்கக் கொண்டுவந்தது. மனிதர் என்ன நினைத்தாரோ, தன் கையாலேயே ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். அவள் ரப்பரை அதில் போட்டு இருபது எண்ணினாள், எடுத்தாள், லாரிக்காரியின் வாயில் மாட்டினாள், இரண்டு கட்டைவிரலாலும் ஈறோரமாக அழுத்தினாள். “கடிங்க. உறிஞ்சுங்க. எச்சிலை முழுங்குங்க. இன்னொரு தடவை.” முதலுதவிப் பெட்டியில் இருந்த கத்தரியால் ஓரத்தைச் சீவினாள். வேலை என்று வந்துவிட்டால் அவள் கைக்கு அவசரமே கிடையாது. மீசைக்காரர் மெல்ல அவள் பக்கம் சாய்ந்து, “எனக்கு இந்தக் கீழ்ப்பக்கம் ஒண்ணு ரெண்டு நாளா…” என்று ஆரம்பித்தார்.

“அப்புறம் பார்க்கலாங்க. டெஸ்ட் நடக்குதில்ல,” என்றாள் அவள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

லாரிக்காரி வாயைத் திறந்து மூடிப் பார்த்தாள். நழுவவில்லை. மூச்சு தாராளமாகப் போய் வந்தது. “இதைப் போட்டா இப்படித்தான் மூச்சு முட்டும்போலன்னு நாலு வருஷமா இருந்தேன்,” என்றாள். “ஏன்க்கா, அடிக்க வேண்டியதுதானே? எதுக்கு இவ்வளவு பாடு?”

“உங்களை முகத்துல குத்தணும்.”

“சரி, அதுக்கு?”

“அதுக்குத்தான்.”

மறுபடி ஆரம்பித்தது. பல்செட்டக்கா செய்த உதவிக்குக் கைமேல் பலன் கிடைத்தது. மூச்சு சீரான லாரிக்காரி புது ஆளாக ஏறி வந்தாள். இறங்கியிருந்த இடது கை மேலே போய்விட்டது. காதோரம் ஒன்று, தோளில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று வரிசையாக வாங்கினாள் அக்கா. ஊருக்கு உபகாரம் செய்யப்போய் முதுகில் வாங்குகிறவர்கள் உண்டு. இவள் உடம்பு முழுக்க வாங்கினாள். பத்து நொடி என்று யாரோ கத்தினார்கள்.

லாரிக்காரி எதிரே கால் ஊன்றி நின்றாள். வாய்க்குள் ரப்பர் பத்திரமாக இருந்தது. கண் இவள்மேலேயே இருந்தது. “வாங்கக்கா,” என்றாள். அந்த ஒரு சொல்லில் பல்செட்டக்காவுக்குள் ஏதோ கழன்று விழுந்தது. மூன்று தடவை படியில் விழுந்த அந்தப் பெண், ஒரு தடவைகூட யாரையும் ‘வா’ என்று கூப்பிட்டிருக்க மாட்டாள். அவன் கை வேறு, இந்தக் கை வேறு. இது தன் கை. இருபத்திரண்டு வருஷமாகப் பல் கட்டிய கை.

விலாவைப் பார்த்தாள். அங்கேயே குத்தப்போவதைப்போலத் தோளை இறக்கினாள். அக்கா வயிற்றுக்குத்தான் வருவாள் என்று லாரிக்காரிக்கும் யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அவள் கை இரண்டும் கீழே இறங்கின. அக்காவின் முஷ்டி மேலே போனது. மேலுதட்டுக்கு மேலே, படத்தில் சிவப்புப் புள்ளி இருக்கும் இடத்தில், தொட்டது. தொடலைவிட ஒரு நூல் கூடத்தான். ‘டப்’ என்று ஒரு சத்தம், லாரிக்காரியின் தலை பின்னால் போய் வந்தது.

பல்செட்டக்காவுக்கு வந்தது சந்தோஷம். வெட்கமில்லாத, பச்சைச் சந்தோஷம். இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவே இல்லை. அது ஒரு நொடிதான். அடுத்த நொடி பயம் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது.

கோட்டுக்குத் திரும்பி நிற்க வேண்டும் என்பது விதி. அவள் நேரே ஓடிப்போய் லாரிக்காரியின் மோவாயைப் பிடித்தாள். “திறங்க. வாயைத் திறங்க.” ரப்பரை உருவினாள். விரலை உள்ளே விட்டு இடது கடைசியிலிருந்து ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பின்னால் மணி அடித்தது, மூன்று கொடி எழுந்தன, மாஸ்டர் விதியெல்லாம் மறந்து உள்ளே ஓடிவந்து, “அக்கா, கொடியைப் பாருங்க, பாஸுக்கா, பாஸு,” என்று தோளை உலுக்கினார். “இடத்துக்குப் போங்கம்மா,” என்று மீசைக்காரர் மேசையைத் தட்டினார். அவள் திரும்பவில்லை. வலது கடைசிக் கடவாய் வரைக்கும் போய் முடித்தாள்.

லாரிக்காரி வாயில் விரலோடு, “எல்லாம் இருக்கா?” என்று குழறினாள்.

“இருக்கு.”

“அப்ப எதுக்குக்கா அழறீங்க?”

“இருக்குல்ல, அதான்.”